பணம் போச்சு, டிக்கெட் வரல!

தீபாவளி நெருங்க நெருங்க நிலையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் குரல் மாறும். பாட்டுக் கேட்பவர்களுக்கு நடுவே புலம்புபவர்களும் வருவார்கள். "ஈப்போவுக்கு நாலு பஸ் டிக்கெட் போட்டேன்மா. பேங்க்ல காசு கழிஞ்சிருச்சு, டிக்கெட் வரல. பஸ் கம்பெனிய கேட்டா பேங்க்க கேளுங்கறான். பேங்க்க கேட்டா பஸ் கம்பெனிய கேளுங்கறான்."

நேரலையில் என்னால் ஆறுதல் சொல்ல முடியும், அடுத்த பாட்டைப் போட முடியும். ஆனால் அந்தப் பணம் இரண்டு வாசலுக்கும் நடுவில் எங்கே போய் நிற்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருத்தி எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறாள். என் சித்தி மகள். சைபர்ஜெயாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 'இன்டகிரேஷன்' பிரிவில் இருக்கிறாள். கல்யாண வீட்டில் பெரியம்மாக்கள் "என்னம்மா வேலை?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நழுவிவிடுவாள். இந்த வாரம் அவளை நழுவ விடவில்லை.

நாம் 'பணம் செலுத்து' என்ற பொத்தானை அழுத்துகிறோம். நமக்கு அது ஒரு பொத்தான். அதற்குப் பின்னால் பஸ் நிறுவனத்தின் இருக்கைப் பட்டியல், பணத்தை வாங்கித் தரும் இடைநிலை நிறுவனம், நம் வங்கி, டிக்கெட்டை அனுப்பும் சேவை என்று குறைந்தது நான்கு கணினி அமைப்புகள் இருக்கின்றன. நான்கும் நான்கு முதலாளிகளுடையவை. ஒவ்வொன்றும் இணையத்தில் ஒரு முகப்பைத் திறந்து வைத்திருக்கிறது. எந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும், என்ன பதில் திரும்பி வரும் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். இதைத்தான் 'வெப் சர்வீஸ்', அதாவது இணையச் சேவை என்கிறார்கள்.

நான்கு முகப்பும் திறந்திருக்கின்றன, சரி. எந்த முகப்புக்கு முதலில் போவது, அங்கே வாங்கியதை அடுத்த முகப்பில் எப்படிக் கொடுப்பது, ஒருவர் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது? இதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நம் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரக்காரருக்கு ஊதத் தெரியும், தவில்காரருக்கு அடிக்கத் தெரியும். ஆனாலும் தாலி கட்டும் நொடியில் ஐயர் கையை உயர்த்தினால்தான் கெட்டிமேளம். கையை உயர்த்துபவர் எந்த வாத்தியத்தையும் வாசிப்பதில்லை. எது எப்போது என்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது. இந்த வேலைக்கு மென்பொருள் உலகில் 'ஆர்க்கெஸ்ட்ரேஷன்' என்று பெயர். நாம் ஒருங்கியக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

இது நேற்று வந்த சங்கதி இல்லை. ஐ.பி.எம். தனக்கென ஒரு மொழியையும், மைக்ரோசாப்ட் தனக்கென ஒரு மொழியையும் வைத்திருந்தன. 2002-இல் இரண்டையும் இணைத்து, பி.இ.ஏ. நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு, 'பீப்பெல்' என்ற பொது மொழியை வெளியிட்டார்கள். 2007-இல் அது ஒயாசிஸ் அமைப்பின் தரநிலையானது. ஆரக்கிள், எஸ்.ஏ.பி., ஐ.பி.எம். என்று பெரிய நிறுவனங்களின் இணைப்பு மென்பொருள்கள் எல்லாம் அதைப் பேசின. இன்று புதிய கருவிகள் வந்துவிட்டன, பெயர்களும் மாறிவிட்டன. அந்த மொழி கேட்ட கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தங்கச்சி தன் மடிக்கணினியைத் திறந்து ஒரு பயிற்சி மாதிரியைக் காட்டினாள். திரையில் பெட்டிகள், பெட்டிகளுக்கு நடுவே அம்புக்குறிகள். இருக்கையைப் பிடித்து வை, பணத்தை வாங்கு, டிக்கெட்டை அனுப்பு.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இந்த மூணு பெட்டிய போட ஒரு மத்தியானம் போதும் அக்கா. எல்லாம் சரியா நடந்தா இது போதும். எல்லாம் சரியா நடக்காதுல்ல, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்று சிரித்தாள்.

முதல் சிக்கல் நம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. நம் அடையாள அட்டையில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று இருக்கிறதே, நடுவில் அந்தச் சாய்கோடு, அதைச் சில அமைப்புகள் ஏற்றுக்கொள்வதில்லை. இணைய முகவரியில் சாய்கோடு என்றால் அடுத்த அறைக்குள் நுழைவது என்று பொருள். பெயரை அப்படியே முகவரியில் வைத்து அனுப்பினால், அப்பா பெயர் வேறு அறைக்குப் போய்விடும். அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். 12 இலக்கங்களை ஒரு நிறுவனம் நடுக்கோடு போட்டுக் கேட்கும், இன்னொன்று போடாமல் கேட்கும். ஒருவர் வாயிலிருந்து வருவதை மற்றவருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது ஒருங்கியக்கத்தின் முதல் வேலை.

இரண்டாவது, பதில் யாருடையது என்று கண்டுபிடிப்பது. வங்கி உடனே பதில் சொல்லும் என்று கட்டாயமில்லை. அரை நிமிடம் கழித்து "பணம் வந்துவிட்டது" என்று ஒரு செய்தி வரும். அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் காத்திருப்பார்கள். வந்த பதில் கிள்ளானில் இருக்கும் முருகனுக்கா, குளுவாங்கில் இருக்கும் முருகனுக்கா? அதனால் ஆரம்பத்திலேயே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து, போகும் இடமெல்லாம் அந்த எண்ணையும் கூட அனுப்புகிறார்கள். பதிலும் அதே எண்ணோடுதான் திரும்ப வேண்டும். நம் ரசீதில் 'ரெஃபரன்ஸ் நம்பர்' என்று நாம் படிக்காமல் விடுகிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லும்போது தங்கச்சி விளையாட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். "பதில் வரலேன்னா, 'இல்ல'ன்னு அர்த்தம் இல்ல அக்கா."

யோசித்துப் பாருங்கள். நாம் பணம் கேட்டோம், வங்கி வாய் திறக்கவில்லை. கேள்வியே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அல்லது கேள்வி போய், பணமும் கழிந்து, திரும்பி வந்த பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இந்தப் பக்கம் நிற்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும், வெறும் மௌனம். அவசரப்பட்டு மறுபடி கேட்டால் 160 வெள்ளி 320 ஆகிவிடும். அதனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து, 'பதில் வந்தால் இந்த வழி, மணி அடித்தால் அந்த வழி' என்று இரண்டையும் வரைந்து வைக்க வேண்டும். மணி அடித்தபின் மறுபடி கேட்கும்போதும் பழைய எண்ணையே கொடுத்துக் கேட்க வேண்டும். எதிர்முனை ஒழுங்காக அமைக்கப்பட்டிருந்தால், "இந்த எண்ணுக்கு ஏற்கெனவே வாங்கிவிட்டேன்" என்று சொல்லி இரண்டாம் முறை கை வைக்காது.

நான்காவது, போட்டதை எடுப்பது. பணம் கழிந்துவிட்டது, டிக்கெட் சேவை படுத்துவிட்டது. இப்போது வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடு, அப்புறம் இருக்கையை விடு. கடைசியில் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும், முறுக்குத் தட்டை அடுக்கியதுபோல. 1987-இலேயே ஹெக்டர் கார்சியா-மோலினா, கென்னத் சேலம் என்ற இரு அறிஞர்கள் 'சாகாஸ்' என்ற ஆய்வுக் கட்டுரையில் இந்த யோசனையை எழுதிவிட்டார்கள். நீண்ட வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரி, ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுகட்டும் ஒரு படியையும் கூடவே எழுதி வை என்பதுதான் அது. பீப்பெல் மொழியிலும் இதற்கென்றே தனி இடம் இருக்கிறது.

ஈடுகட்டுவது என்றால் அழிப்பது அல்ல. கல்யாண மண்டபத்தை ரத்து செய்தாலும் முன்பணம் கொடுத்த நாள் நடக்காத நாளாகிவிடுமா? வங்கிக் கணக்கிலும் போனது ஒரு வரி, வந்தது ஒரு வரி, இரண்டும் இருக்கும். திருப்பிக் கொடுக்கும் படியே தோற்றுப்போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "அங்கதான் மனுஷன் வேணும். அந்த எண்ண ஒரு பட்டியல்ல போட்டு, ஆபீஸ்ல ஒரு ஆள் காலையில வந்து பார்க்கணும்" என்றாள்.

இப்போது நம் நேயரின் பணத்துக்கு வருவோம். பெரும்பாலும் அது எங்கேயும் ஓடிப்போகவில்லை. மூன்றாவது பெட்டியில் தடுக்கி விழுந்த ஒரு வேலைக்கு, பின்னோக்கி நடக்கும் வழியை யாரும் வரையவில்லை. அல்லது வரைந்தார்கள், பட்டியலைப் பார்க்க ஆள் போடவில்லை.

ஏன் வரைவதில்லை? தங்கச்சி இதற்கும் பதில் வைத்திருந்தாள். முன்பு அவள் வேலை பார்த்த ஓர் இடத்தில், பெருநாள் விற்பனைக்கு முன் ஒரு புதிய சேவையைத் திறக்க வேண்டியிருந்தது. மேலதிகாரிகளுக்குக் காட்டும் கூட்டத்தில் எல்லாம் அழகாக ஓடியது. திருப்பிக் கொடுக்கும் படிகளுக்கு இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று இவள் கேட்டாள். "அது அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். இவள் வாதாடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "பெருநாளுக்கு முதல் நாள் ராத்திரி பணம் போன ஆள் ஃபோன் பண்ணினா, யார் எடுக்கிறது? அந்தப் பேர மட்டும் இந்தத் தாள்ல எழுதிக் குடுங்க."

யாரும் எழுதவில்லை. கடைசியில் சில தடங்களுக்கு மட்டும் சேவையைத் திறந்தார்கள், மீதி இரண்டு வாரம் கழித்து வந்தது.

என்னைக் கேட்டால், இந்த வேலையின் சாரமே அந்தத் தாள்தான். பெட்டியும் அம்புக்குறியும் எந்த மென்பொருளிலும் கிடைக்கும். எவ்வளவு நேரம் காத்திருப்பது, நஷ்டம் யாருடைய கணக்கில், தவறினால் யாருக்குச் சொல்வது என்பதையெல்லாம் எந்த மென்பொருளும் தானாக முடிவு செய்யாது. ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். 2023 நவம்பரில் சிங்கப்பூரின் பேநவ்வும் நம் டுயிட்நவ்வும் இணைக்கப்பட்டன. அங்கே வேலை பார்க்கும் பிள்ளை ஜோகூரில் இருக்கும் அம்மாவுக்குக் கைப்பேசி எண்ணை வைத்தே பணம் அனுப்புகிறது. கடக்க வேண்டிய வாசல்கள் இனி கூடுமே தவிரக் குறையாது.

ஆகவே நேயர்களே, பணம் கழிந்து டிக்கெட் வராவிட்டால் உடனே இன்னொரு முறை அழுத்தாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள், அந்த எண்ணைத் திரையோடு படம் எடுத்து வையுங்கள். புகார் செய்யும்போது கதையை அப்புறம் சொல்லலாம், எண்ணை முதலில் சொல்லுங்கள். உங்கள் பணத்தைத் தேடிப் பிடிக்க அவர்களுக்கு இருக்கும் சரடு அதுதான்.

இந்தத் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த கூட்டத்தில் திரையில் எல்லாம் பச்சையாக ஓடி முடிந்து கைதட்டும்போது, நீங்களும் தட்டுங்கள். தட்டிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை மேசை நடுவில் வையுங்கள்.