சிறிய வீட்டில் இடம் காணுதல்

மும்பையில் வாழும் நம்மவர் ஒருவரிடம் அவருடைய வீட்டைப் பற்றி விசாரித்தால், அறைகளின் எண்ணிக்கையைச் சொல்வதற்கு முன்பே சதுர அடியைச் சொல்லிவிடுவார். திண்ணை உண்டா, முற்றம் உண்டா, கிணற்றில் நீர் வற்றாமல் இருக்குமா என்று கேட்டுப் பழகிய ஊர்க்காரர்களின் காதுக்கு இது விசித்திரமாகவே படும். எனினும் இந்நகரில் வாழ்க்கை அவ்வாறுதான் அளக்கப்படுகிறது. குடிசைப் புனரமைப்புத் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட வீடு ஒரு காலத்தில் 225 சதுர அடி. பின்னர் அது 269 ஆகி, 2018ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதிகளில் 300 ஆயிற்று. மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள பழைய கட்டடங்களில் சற்று விசாலமான வீடுகள் உண்டு. ஆயினும் ‘ஒன் ரூம் கிச்சன்’ என்னும் ஒரு கூடமும் ஒரு சமையலறையுமே நம்மவர் பலருக்கு உலகம்.

வீட்டு அலங்காரத்தைப் பற்றி எழுதுவது இம்மாதம் நமது நோக்கமன்று. அதற்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. நம்முடைய குடும்பங்களில் அடிக்கடி எழும் ஒரு வினாவே இதை எழுதத் தூண்டியது. ஊரில் தந்தை காலமாகிறார். தாய் தனித்து நிற்கிறார். அழைத்து வரவேண்டும் என்று மகனுக்கும் ஆசை, மருமகளுக்கும் சம்மதம். ஆனால் “இடம் எங்கே இருக்கிறது?” என்ற ஒரு சொல்லில் பயணம் நின்றுவிடுகிறது. அப்படியே அழைத்து வந்தாலும், அம்முதியவர் சமையலறை நிலைப்படியருகே பாயை விரித்து, நடுநிசியில் தண்ணீர் குடிக்க வருவோர் தம்மைத் தாண்டிச் செல்வதைப் பொறுத்துக்கொண்டு கிடக்க நேர்கிறது. பத்தாம் வகுப்புப் பெண் பாடப் புத்தகத்துடன் மாடிப்படிக்குப் போகிறாள். உள்ள இடத்தில் இவ்விருவருக்கும் உரிய பங்கைக் காண முடியுமா என்பதே கேள்வி.

முதலில் அளவுநாடாவை எடுக்கவேண்டும். விளம்பரத்தில் சொல்லப்பட்ட பரப்பு வேறு, நாம் பாய் விரிக்கக்கூடிய பரப்பு வேறு. இப்பொழுது ‘கார்ப்பெட் ஏரியா’ என்பதற்குச் சட்டமே பொருள் வகுத்திருக்கிறது: 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வெளிச் சுவர்களும் பால்கனியும் அதில் சேரா, உட்சுவர்கள் நிற்கும் இடம் சேரும். வீடு வாங்குவோர் இந்தக் கணக்கையே கேட்டுப் பெறவேண்டும். குடியிருப்போர், பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்தை அரை அடியாகக் கொண்டு வீட்டை வரைந்துகொள்வது நலம். கட்டில், பீரோ, சோபா ஒவ்வொன்றையும் அதே அளவில் காகிதத்தில் வெட்டி வைத்துப் பார்க்கலாம். கதவு திறக்கும் வட்டத்தையும் பீரோக் கதவு விரியும் தூரத்தையும் வரைய மறக்கலாகாது. பாதி வீடுகளில் நெருக்கடிக்குக் காரணம் சாமானன்று. ஒன்றோடொன்று மோதும் கதவுகளே.

காகிதம் உண்மையை உடனே சொல்லிவிடும். ஆறடிக்கு ஆறரையடி இரட்டைக் கட்டில் 39 சதுர அடியை விழுங்குகிறது. 300 சதுர அடி வீட்டில் அது எட்டில் ஒரு பங்குக்கு மேல்! அதில் உறங்குவது ஏழு மணி நேரம். மிகுதிப் பதினேழு மணி நேரமும் அது துணி மடித்துக் குவிக்கும் மேடையாகிறது. ஏழடிக்கு மூன்றடி சோபா 21 சதுர அடி. அதன் முன்னே கால் நீட்ட விடும் இடம் தனி. தாம் வீட்டுக்குக் கொடுத்த சதுர அடி விலையால் இந்த 21ஐப் பெருக்கிப் பார்க்கும் அன்பர், சோபாவின் உண்மை விலையை அறிந்து திடுக்கிடுவார். நம் முன்னோர் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தியது வறுமையால் மட்டும் அன்று. காலையில் உண்ணும் கூடம், பகலில் படிக்கும் கூடம், இரவில் உறங்கும் கூடம் என ஒரே தரை மூன்று அறைகளாக மாறுவதற்குப் பாயும் மணையுமே வழி செய்தன. விருந்தினர் வருவார்களே என்பர். ஆண்டில் பத்து நாள் வரும் விருந்தினருக்காக வீட்டார் முந்நூற்று ஐம்பது நாள் ஒதுங்கி நடப்பது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. மடக்கு நாற்காலிகள் நான்கு போதும்.

ஆனால் பாயின் பெருமையை முழங்கால் வலிக்கும் முதியவரிடம் பேசக்கூடாது. தரையிலிருந்து எழுவதே அவர்களுக்குப் பெரும்பாடு. அவர்களுக்கென ஒரு கட்டில் அவசியம். அது ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் இருந்தால் போதும். உயரம் 18 அங்குலம் இருக்கட்டும். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதியவேண்டும். பகலில் அதுவே கூடத்தின் இருக்கை. அடியில் இழுப்பறை வைத்தால் அவருடைய துணிமணி, மருந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டி எல்லாம் அடங்கும். தம்முடைய பொருளை எடுக்கப் பிறரிடம் கேட்க வேண்டாத நிலை முதுமையில் சிறிய நன்மையன்று. கட்டிலை வைக்கும் இடமோ, ஜன்னலுக்கு அருகிலும் குளியலறைக்குச் செல்லும் வழியில் தட்டுத்தடங்கல் இல்லாமலும் அமையவேண்டும். இரவில் எரியும் சிறு விளக்கு, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, குளியலறையில் சொரசொரப்பான தரை ஆகிய இவை செலவு குறைந்தவை. குளியலறைக் கதவு உட்புறம் திறப்பதாயின், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். அதை வெளிப்புறம் திறக்குமாறும், தாழை வெளியிலிருந்து நீக்கக்கூடியதாகவும் மாற்றிவிடுவது உயிர் காக்கும் காரியம்.

இனி சமையலறை. சிறிய சமையலறையைப் பற்றிச் சிந்தித்தவர்களில் முதலிடம் பெறத்தக்கவர் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரிய நாட்டுப் பெண்மணி. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, ரயிலின் உணவு வண்டிச் சமையலறையை முன்மாதிரியாகக் கொண்டு, 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடைய ஒரு சமையலறையை அவர் அமைத்தார். நம் கணக்கில் 70 சதுர அடிக்குள் அடங்கும். நடையைக் குறைப்பதே அதன் சூத்திரம்: கழுவுமிடம், நறுக்குமிடம், அடுப்பு மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில். பத்தாயிரம் வீடுகளில் அது அமைக்கப்பட்டது. ஆனால் அதில் ஒருவருக்குமேல் நின்று வேலை செய்ய இயலாது என்ற குறையும் கூடவே எழுந்தது. நம் வீடுகளில் மாமியார் கீரை ஆய, மருமகள் தாளிக்க, நடுவில் ஒரு பிள்ளை தட்டை நீட்டும்! ஆகையால் அந்தச் சூத்திரத்தைக் கொண்டு, அதன் தனிமையை விட்டுவிடலாம். ஓட்டாவின் ஒரு முனையில் அடிப்பாகத்தை அடைக்காமல் விட்டு, அங்கே ஒரு முக்காலி போட்டால், உட்கார்ந்து நறுக்குபவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அடுப்படியில் நிற்பவரின் முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் தாழ ஓட்டாவின் மேற்பரப்பு இருக்கவேண்டும். உயரம் மிகுந்தால் தோள் வலி, குறைந்தால் முதுகு வலி. கட்டட ஒப்பந்தக்காரர் தம் வழக்கப்படி வைக்கும் உயரத்தை அப்படியே ஏற்கவேண்டியதில்லை.

கிரைண்டரை இடுப்புக்கு மேலே ஏற்றிவைக்கும் வழக்கத்தை விடவேண்டும். கடப்பைக்கல் அலமாரியின் கீழ்த்தட்டில் சக்கரப் பலகைமீது வைத்தால், ஒரு சிறுமியும் இழுத்து வெளியே கொண்டுவரலாம். சமையல் வாயுவில் ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். ஆதலால் சிலிண்டர் நிற்கும் இடத்தில் தரைமட்டத்தில் காற்றுப் போக்கு வேண்டும். அழகுக்காகக் கதவு போட்டு மூடுவது ஆபத்து. குழாய் வழி வரும் இயற்கை வாயுவோ இலேசானது, மேலே எழும். அந்த வீடுகளில் கூரையோரத் திறப்பை அடைக்கலாகாது.

பரணைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் சில மணி நேரமே வரும் பேட்டைகளில், பரண்மீது தொட்டி வைத்துக்கொள்கிறார்கள். 500 லிட்டர் தண்ணீர் அரை டன் எடை என்பதைப் பலர் நினைப்பதில்லை. பாத்திரமும் பெட்டியும் தாங்கக் கட்டிய பலகை அதைத் தாங்குமா என்பதைப் பொறியாளர்தான் சொல்லவேண்டும். கொலுப் பொம்மைகள், ஊறுகாய் ஜாடிகள், திருமணத்தில் வந்து இன்றளவும் பிரிக்கப்படாத பாத்திரங்கள் பரணுக்கு உரியவை. கடைசியில் சொன்னவற்றை ஊருக்கே திருப்பி அனுப்பினாலும் குற்றமில்லை.

காற்றுக்கு வருவோம். வெப்பமும் ஈரமும் மிக்க பிரதேசங்களில், அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டுமென்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அறிவுரை. 120 சதுர அடிக் கூடத்துக்கு 20 சதுர அடி. இப்பொழுது எங்கும் பொருத்தப்படும் இரண்டு பலகைச் சறுக்கு ஜன்னல் எவ்வளவு பெரிதாயினும் பாதிதான் திறக்கும். ஆகவே கணக்கையும் பாதியாக்கிக்கொள்ளவேண்டும். கூடத்தைத் தடுக்க விரும்புவோர் தடுப்பைக் கூரைவரை எழுப்பாமல் ஏழடியில் நிறுத்தினால் மின்விசிறியின் காற்று இருபுறமும் செல்லும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கும் மழைக்காற்றில் வெளிச்சுவர் ஈரம் கோக்கும். பட்டுப்புடவை இருக்கும் பீரோவைச் சுவரிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளி வையுங்கள். துணி உலர்த்தக் கூரையில் கப்பியும் கயிறும் கட்டிய கம்பிகள் நல்ல ஏற்பாடு. தரையில் ஓரடி இடமும் கேட்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே கூண்டுபோல் நீட்டிய கம்பிச்சட்டத்தில் பூந்தொட்டி வைப்பவர்கள், அதில் திறக்கக்கூடிய ஒரு கதவையும் வைத்துக்கொள்ளட்டும். தீப்பிடித்தால் வெளியேற அதுவே வழியாகலாம்.

கடைசியாகப் படிப்பு. இரண்டடிக்கு ஒன்றரையடிப் பலகை ஒன்றைச் சுவரில் கீல் வைத்துப் பொருத்தி, சங்கிலியால் தாங்கினால் மேசை கிடைத்துவிடுகிறது. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வரவேண்டும். தொலைக்காட்சி இருக்கும் சுவரில் மட்டும் அதைப் பொருத்தாதீர்கள். செம்பூரில் நாம் கண்ட ஓர் இல்லத்தில், பாட்டியின் கட்டில் ஒரு பக்கமும் பேத்தியின் பலகை மறுபக்கமுமாக, நடுவே கம்பியில் ஓடும் ஒரு தடித்த திரை தொங்கியது. திரையை இழுத்தால் பாட்டிக்கு ஓர் அறை, பெண்ணுக்கு ஓர் அறை. தந்தையும் தம்பியும் கூடத்தின் மறுபாதியில் பாய் விரித்துக்கொள்கிறார்கள். பலகையை மடக்குவது இரவு பத்துக்கா, பதினொன்றுக்கா என்பதை அவ்வீட்டில் பாட்டியே தீர்மானிக்கிறார்; விளக்கின் சுவிட்ச் அவர் பக்கத்தில் அல்லவா இருக்கிறது!