விற்ற வண்டியும் விலகாத பொறுப்பும்

போடிநாயக்கனூரிலும், அதற்கு மேலே போடிமெட்டு, பூப்பாறை எனத் தொடரும் ஏலமலைச் சரிவுகளிலும், காரோ ஜீப்போ கைமாறும்போதெல்லாம் வழங்கிவரும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. கிரயத் தொகையை எண்ணி வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்துக்குரிய 29-ஆம் படிவத்திலும் 30-ஆம் படிவத்திலும் கையெழுத்திட்டு, ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் கொடுத்துவிட்டால், அன்றோடு வண்டிக்கும் விற்றவருக்கும் சம்பந்தம் தீர்ந்தது என்பதே அது. கண்ணியமான மனிதர்கள் பலர் இதை மெய்யென்று நம்பி நடப்பதால், இதை மறுத்துரைப்பது அவசியமாகிறது.

சுவாதீனம் போனால் பாத்தியதையும் போய்விடும் என்ற எண்ணமே இந்நம்பிக்கைக்கு வேர். ஏல மையத்தில் விலைபோன ஏலக்காய் மூட்டைக்கு அது பொருந்தலாம். வாங்கியவர் பணம் கட்டிச் சரக்கை எடுத்துச் சென்றபின் தோட்டக்காரரை எவரும் தேடி வருவதில்லை. மோட்டார் வாகனத்தின் நியாயம் வேறு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், தவணைக் கடன், மைனர் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று நிர்ணயித்திருக்கிறது.

இதன் முழு உக்கிரத்தையும் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றில் காணலாம். 2007-இல் விற்கப்பட்டு, பெயர் மாற்றப்படாமலே ஒருவரிடமிருந்து மற்றொருவரிடமாகப் பல கை மாறிய கார் ஒன்று, 2009 மே மாதத்தில் விபத்துக்குள்ளாகி ஓர் உயிரைப் பறித்தது. வண்டிக்கு இன்ஷூரன்ஸும் இல்லை. கடைசியாக வண்டியை வைத்திருந்தவரே நஷ்டஈடு தரவேண்டுமென்று உயர் நீதிமன்றம் கருதியிருக்க, உச்ச நீதிமன்றமோ அதை மாற்றி, பதிவேட்டில் பெயருள்ள முதல் மனிதரையே பொறுப்பாளி ஆக்கிற்று. பதிவாகாத விற்பனைகளின் தடத்தைப் பற்றிக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடி அலையும் பாரத்தைப் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் தலையில் ஏற்றலாகாது என்பது நீதிபதிகள் கண்ட காரணம். விற்றவருக்கு இது கடினமாகத் தோன்றினும், உயிரிழந்த வீட்டாரின் பக்கம் நின்று நோக்குவோருக்கு இதுவே தர்மமென்று படும்.

கையெழுத்திட்ட படிவங்கள் இருக்கின்றனவே என்பார்கள். அவற்றின் கதியை உற்றுப் பாருங்கள்: தேதி போடப்படவில்லை, வாங்குபவர் பெயருக்குரிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது, கீழே விற்றவரின் கையொப்பம் மாத்திரம் மை காய்ந்து நிற்கிறது. நான்காக மடித்து பாலித்தீன் உறைக்குள் வைக்கப்பட்ட அந்தத் தாள், வண்டியோடு புரோக்கரிடமிருந்து அடுத்த புரோக்கருக்குப் போய்க்கொண்டேயிருக்கும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டிய கடமை சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி விற்றவருடையது. அதுவும் தம் பகுதி, வாங்குபவர் பகுதி ஆகிய இரண்டு ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்கும். வாங்கியவருக்கு 30 நாட்கள் அவகாசம் உண்டு. அலுவலகத்தைச் சேராத படிவம், எத்தனை கையொப்பம் தாங்கியிருந்தாலும் வெறும் தாளே.

முத்திரைத்தாளில் சாட்சிகளோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தம் காக்குமென்பாருக்கும் பதில் உண்டு. வாங்கியவர்மேல் பின்னர் வழக்காட அது உதவலாம். ஜீப்பில் அடிபட்ட மூன்றாம் மனிதரை அது கட்டுப்படுத்தாது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதென்ற சமாதானத்தில் பாதி உண்மை இருக்கிறது. மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு புதியவருக்குச் செல்வதாகவே சட்டம் கொள்கிறது. ஆனால் அடுத்த வருஷம் அவர் பிரீமியம் கட்டாது விட்டால்? விடியுமுன்னே தோட்டத்துப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கேரளத் தோட்டங்களுக்குப் போய்வரும் ஜீப்புகளை நாள்தோறும் காண்கிற நமக்கு, அந்தக் கேள்வியின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

மலைக்கு மேலே கேரளத்தில் உள்ளவருக்கு விற்கும்போது, என்.ஓ.சி. வாங்கிக் கொடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்கிறார்கள். 28-ஆம் படிவத்தில் தேனி அலுவலகம் தரும் அச்சான்று ஆட்சேபமில்லை என்பதைச் சொல்லுகிறதேயன்றி, பெயரை மாற்றிவிடுவதில்லை. கேரளத்தில் வரி கட்டி, புதிய பதிவெண் பெற்று, வாங்கியவர் பெயர் ஏறும்வரை பதிவேட்டில் நிற்பது உங்கள் பெயரே. கடன் அடைத்தும் ஆர்.சி.யிலுள்ள எச்.பி. என்னும் கடன் பதிவைக் கேன்சல் செய்யாத வண்டியாயின், கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதமின்றிப் பெயர் மாற்றமே நடவாது. அதைக் கேன்சல் செய்வதற்கான 35-ஆம் படிவத்தை முன்னதாகவே முடித்துக்கொள்வது நலம்.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடையில் விட்டுவிட்டால் போதும் என்ற வாதம் ஒன்றில் மட்டும் நியாயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து 29சி படிவத்தில் முறையாகத் தெரிவித்தால், அவ்வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரமில்லாத இடைத்தரகருக்கு இது பொருந்தாது. ஆகவே அங்கீகாரச் சான்றைக் கண்ணால் பார்த்தே கொடுக்கவேண்டும்.

வண்டியை விற்க எண்ணியிருக்கும் அன்பர்களே, வாங்குபவரின் பெயரும் தேதியும் முழுமையாக எழுதப்படாத படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்; கூடுமானால் அவரையும் அழைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நீங்களே சேர்ப்பித்து ரசீது பெறுங்கள்; பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.