மதுவும் கஜானாவும்

1937ஆம் வருஷம் அக்டோபர் 1ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் தலைமையில் சென்னை ராஜதானியில் பதவியேற்ற காங்கிரஸ் மந்திரி சபை செய்த முதற் காரியங்களில் அது ஒன்று. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களும் அன்றைய சேலம் ஜில்லாவிலேயே அடங்கியிருந்தன. அப்பொழுது இயற்றப்பட்ட 1937ஆம் வருஷத்துப் பத்தாவது சட்டம் இன்றளவும் ரத்தாகவில்லை. அச்சட்டத்தை 2003ல் திருத்தித்தான், மதுவைச் சில்லறையாக விற்கும் ஏகபோக உரிமையைச் சர்க்கார் தனது வாணிபக் கழகமாகிய டாஸ்மாக்குக்கு அளித்தது. மதுவை விலக்கப் பிறந்த சட்டமே மது விற்பனைக்கு ஆதாரமாய் நிற்கும் விந்தையைக் கண்டு நகைப்பதோடு நின்றுவிட்டால் பயனில்லை. அது எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்வதே பொது ஊழியம் செய்வோரின் கடமையாகும்.

மனிதனுடைய ஆசைகள் இரு வகைப்பட்டவை. பசி சோற்றால் அடங்கும். குளிர் போர்வையால் நீங்கும். வயிறு நிறைந்தவன் இலையை விட்டு எழுந்துவிடுவான். மேலும் பரிமாறினால் கையால் மறிப்பான். இரண்டாம் வகை ஆசையோ, ஊட்ட ஊட்ட வளர்வது. போதை இவ்வகையைச் சேர்ந்தது. நேற்று ஒரு குவளையில் கிடைத்த சுகத்தை இன்று இரண்டில் தேடுகிறான். நாளை மூன்றிலும் அது அகப்படுவதில்லை. லாபத்தை ஒன்றையே குறிக்கோளாகக் கொண்ட முதலாளித்துவ வியாபாரத்துக்கு முதல் வகை ஆசையால் பெரும் பயனில்லை. திருப்தியடைந்தவன் கடைக்குத் திரும்பி வர நாளாகும். ஆகவே, தீர்க்கும் சரக்கைவிடத் தேட வைக்கும் சரக்கையே அது விரும்புகிறது. மதுக்கடையில் அப்பட்டமாகத் தெரியும் இந்தத் தத்துவமே இன்று பல கடைகளில் நாகரிக வேஷம் பூண்டு நடமாடுகிறது.

வியாபாரி அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. சர்க்காரும் அவ்வாறே நினைக்க நேர்ந்தது எப்படி என்பதே நமது கேள்வி. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925ல் தோன்றிய காந்தி ஆசிரமத்திலிருந்து, மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகை 1929ல் வெளிவந்தது. அந்தப் பிரசாரம் அரசாங்கக் கொள்கையாக மாறியபோது முதலில் எதிர்ப்பட்ட தடை கஜானாதான். ராஜதானியின் வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பாகம் அப்காரி இலாகாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்நஷ்டத்தை ஈடுசெய்யும் பொருட்டு 1939ல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. அதன் நோக்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை. குடிகாரன் ஒருவனுடைய நாசத்தைக் கொண்டு நடந்துவந்த ஆட்சி, எல்லோரும் சிறிது கொடுப்பதைக் கொண்டு நடப்பது நியாயமே. எனினும் அதன் விளைவு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அதுவரை ஒரே ஆசையில் பங்கு பெற்றுவந்த சர்க்கார், அதன் பிறகு சந்தையில் எழும் ஆசைகள் அனைத்திலும் பங்காளியாயிற்று.

பிறகு நடந்தவை வாசகர்கள் அறிந்தவையே. யுத்த காலத்தில், 1943ல், கவர்னரின் ஆலோசகர்கள் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948ல் அது ராஜதானி முழுவதற்கும் பரவியது. 1971ல் விலக்கு தளர்த்தப்பட்டது, 1974ல் மீண்டது, 1981ல் கள்ளும் சாராயமும் திரும்பின, 1983ல் டாஸ்மாக் ஸ்தாபிக்கப்பட்டது. கள்ளுக்கு மாற்றாக வந்த வரி, கள் திரும்பி வந்தபோது விடைபெற்றுப் போனதா? இல்லை. இரண்டும் ஒருங்கே நிலைத்தன. அதோடு, 1987 முதல் கள் தடுக்கப்பட்டிருக்க, ஆலையில் வடித்த மது மட்டும் சர்க்கார் முத்திரையுடன் விற்கப்படுகிறது. கள்ளை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் பனைமரம் தன் சக்திக்கு மேல் சுரப்பதில்லை. ஆலைக்கோ அத்தகைய எல்லை கிடையாது. எல்லையற்ற உற்பத்திக்கு எல்லையற்ற ஆசை தேவைப்படுகிறது.

2017ல் சரக்கு, சேவை வரி அமுலானபோது மாகாணங்களின் வரி சுதந்திரம் பெரிதும் குறைந்தது. அவ்வரிக்குப் புறம்பாக அவற்றின் கையில் எஞ்சிய சிலவற்றில் மதுவும் ஒன்று. 2023-24ஆம் ஆண்டில் மதுவின் மூலம் தமிழ்நாட்டுச் சர்க்காருக்குக் கிடைத்தது சுமார் 45,800 கோடி ரூபாய். அந்த ஆண்டிலேதான், 2023 ஜூன் மாதத்தில், 500 கடைகள் மூடப்பட்டன; முந்திய ஆண்டைவிட வருமானம் குறையவில்லை, கூடிற்று. 2016லும் 500 கடைகள் மூடப்பட்டன. சேலம் ஜில்லாக்காரரான ஸ்ரீ பழனிசாமி 2017ல் முதல்வரானதும் மேலும் 500 கடைகளை மூட உத்தரவிட்டார். கட்சி எதுவாயினும் அனுபவம் ஒன்றே. கடையின் எண்ணிக்கையைக் குறைப்பதனால் மட்டும் தாகம் குறைவதில்லை.

தாகம் எங்கே பிறக்கிறது? பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களுக்குச் சென்று பார்ப்போருக்கு விடை கிடைக்கும். தொழிலாளி முதலில் முன்பணம் வாங்குகிறான். அதனைத் தீர்க்கும் வரை அந்த முதலாளியை விட்டு அகல முடிவதில்லை. கூலி போதாமல் மேலும் கடன் வாங்குகிறான், கடன் கூடுகிறது. அடுத்த வருஷத்து உழைப்பையும் அடகு வைத்துவிட்டவனுக்கு எதிர்காலம் என்று ஒன்று ஏது? எதிர்காலம் உள்ளவனே இன்றைய சுகத்தை நாளைக்காக ஒத்திவைப்பான். அஃதில்லாதவனுக்குக் கைக்கு எட்டும் ஒரே திருப்தி இன்றிரவுத் திருப்தி. இரவும் பகலும் தறியின் இரைச்சலில் நின்ற உடம்புக்கு அதனைக் கடை விற்கிறது. அவன் மனைவியோ குழுக்கடனின் வாரத் தவணைக்கு வழி தேடி நிற்கிறாள். இதை அவனுடைய ஒழுக்கக் குறைவு என்று மட்டும் சொல்லிவிடுவது, நோயை விட்டு நோயாளியைத் தண்டிப்பதாகும்.

உடனே முழு மதுவிலக்கு வேண்டும் என்போரின் உள்ளத்தை நாம் மதிக்கிறோம். நம் அரசியல் சட்டத்தின் 47வது ஷரத்து அந்த லக்ஷியத்தையே சர்க்காருக்கு விதிக்கிறது. ஆனால், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானதை மறக்கலாகாது. சர்க்கார் கடைகள் திறந்திருந்த காலத்திலேயே ஏழையின் காசுக்கு ஏற்ற விஷம் அவனைத் தேடி வந்தது. விலக்கினால் கள்ளச்சாராயம் வருமென்று கடைகளுக்கு வக்காலத்து வாங்குவோரின் வாதமும் அங்கேயே தகர்ந்தது. ஆசைக்குக் காரணமான நிலைமை மாறாதவரை, கடையைத் திறப்பதும் மூடுவதும் தம்மளவில் பரிகாரமாகா.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. கூலியாளைத் தறியோடு பிணைக்கும் முன்பண வழக்கம் ஒழியவேண்டும். கொத்தடிமைத்தனத்தை ஒழிக்கும் 1976ஆம் வருஷத்து மத்திய சட்டத்தை, பொருந்தும் இடங்களில் அதிகாரிகள் தயங்காது பிரயோகிக்கவேண்டும். கூலி பட்டுவாடாவாகும் நாளில் தறிக்கூடங்கள் நிறைந்த ஊர்களில் மதுக்கடைகள் திறக்கப்படலாகாது. மது வருமானத்தில் ஆண்டுதோறும் இவ்வளவு குறைப்போம் என்ற கணக்கை சர்க்கார் வரவு செலவுத் திட்டத்திலேயே வெளியிட்டு, ஈடான வருவாயை வசதி படைத்தோரிடமிருந்து தேடவேண்டும்.

மது வருமானம் கூடியது என்ற செய்தி நிதி இலாகாவுக்கு நற்செய்தியாய் இருக்கும்வரை மந்திரிகளின் பிரசங்கங்களுக்கு மதிப்பில்லை. 1937ல் நாலில் ஒரு பாக வருமானத்தைத் துறக்கத் துணிந்தவர்கள் ஆண்டது இன்றுள்ளதைவிட மிகவும் ஏழையான ராஜதானி. அவர்களுக்கு இருந்த துணிவு நமக்கு ஏன் இல்லை என்று கிராம சபைகள்தோறும், தொழிற் சங்கங்கள்தோறும் கேட்க வேண்டிய காலம் இது.