முதுகு வலியும் எம்.ஆர்.ஐ. படமும்

"டிஸ்க் விலகியிருக்கு, இனிமே குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க." நாள்பட்ட இடுப்பு வலியோடு அலைகிற பலருக்கு வைத்தியம் என்ற பெயரில் கிடைப்பது இந்த ஒரு வாக்கியம்தான். அதன்பிறகு அவர் ஷூ லேஸ் கட்டக்கூட பயப்படுகிறார். குழந்தையைத் தூக்குவதில்லை. சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் படத்தை அவ்வளவு நம்பலாமா? 1994ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தது! எல்லா டிஸ்க்கும் நார்மல் என்று வந்தவர்கள் 36 சதவீதம்தான். வயதானால் தலை நரைப்பது போலத்தான் இதுவும். (நரைத்த தலையைப் பார்த்து தலைவலி என்று யாரும் முடிவு கட்டுவதில்லையே..)

ஸ்கேனே வேண்டாம் என்பதல்ல. அடிபட்டிருந்தால், காய்ச்சல் இருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், முன்பு புற்றுநோய் வந்திருந்தால், கால் பலமிழந்தால், சிறுநீர் கட்டுப்பாடு போனால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலான இடுப்பு வலிக்கு இன்னதுதான் காரணம் என்று படத்தில் விரல் வைத்துக் காட்ட முடியாது. அங்கே பார்க்க வேண்டியது ஆளை.

ஆளைப் பார்ப்பது என்றால்? வலி தொடங்கியபோது வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது, தூக்கம் எப்படி, எந்த அசைவுக்குப் பயம், தன் முதுகுக்கு என்ன ஆனதாக அவர் நினைக்கிறார் என்று பொறுமையாகக் கேட்பது. பிறகு அவரைக் குனியச் சொல்லி, நாற்காலியிலிருந்து எழச் சொல்லிக் கவனிப்பது. ஒருவர் மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, மரக்கட்டை மாதிரி எழுந்திருப்பார். அவருக்குத் தளர்வாக அசையக் கற்றுத்தர வேண்டும். இன்னொருவருக்கு உடம்பில் பலமே போதாது. இரண்டு பேருக்கும் ஒரே உடற்பயிற்சித் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் எப்படி?

இது வெறும் ஆசை இல்லை. ஆஸ்திரேலியாவில் 20 பிசியோதெரபி மையங்களில் 492 பேரை வைத்து நடந்த 'ரெஸ்டோர்' ஆய்வு 2023ல் லான்செட்டில் வந்தது. 12 வாரத்தில் அதிகபட்சம் 7 சந்திப்பு, அப்புறம் 26வது வாரத்தில் ஒன்று, அவ்வளவே. ஒவ்வொருவருக்கும் அவரவர் பிரச்சினைக்கேற்ற சிகிச்சை. ஒரு வருடம் கழித்தும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாக நடமாடினார்கள். வேலைக்குப் போகாத நாட்களையும் கணக்கில் சேர்த்தால் ஆளுக்கு 5000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் மிச்சம். இன்னொரு பிரிவினருக்கு உடம்பில் சென்சார் ஒட்டியும் பார்த்தார்கள். அதனால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை!

ஒவ்வொரு நோயாளியிடமும் இவ்வளவு பேச நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்களும் குறைவு. ஆனால் வருடக்கணக்கில் மாத்திரை, பெல்ட், ஊசி, மறுபடி ஒரு ஸ்கேன் என்று போகிற நேரத்தையும் பணத்தையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அடுத்த முறை பயிற்சித் தாளை நீட்டினால், "நான் குனியறதை ஒரு தடவை பாத்துட்டு சொல்லுங்களேன்" என்று நோயாளியே கேட்கலாம். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.