பெயர் ஒன்று, வேகம் இரண்டு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றின் கரையில் மாகறல் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் முப்பரிமாணப் படங்கள் வரையப் பழக வேண்டும், ஒன்றிரண்டு விளையாட்டுகளும் விளையாட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு தேவை. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறாள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், யாராவது பயன்படுத்திய கார்டு ஒன்றை வாங்கி வரலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

கடைக்காரர் இரண்டு கார்டுகளை எடுத்து மேசை மேல் வைக்கிறார். இரண்டும் என்விடியா ஜீஃபோர்ஸ் ஜி.டி. 1030. இரண்டிலும் 2 கிகாபைட் நினைவகம். ஒன்றின் விலை மட்டும் சற்றுக் குறைவு. அப்பா என்ன சொல்வார்? "பெயரும் ஒன்று, நினைவகமும் ஒன்று. அப்புறம் என்ன? விலை குறைந்ததையே கொடுங்கள்" என்பார். நீங்களும் நானும்கூட அதைத்தான் சொல்லியிருப்போம்.

அந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறோம். இந்தத் தவறு நம்முடையது மட்டும் அல்ல என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதல் ஜி.டி. 1030 விற்பனைக்கு வந்தது 2017-இல். அதே பெயரில் இன்னொன்று 2018-இல் வந்தது. இரண்டின் விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

கணக்கிடும் அலகுகள்: 384, 384
நினைவகத்தின் அளவு: 2 கிகாபைட், 2 கிகாபைட்
அலகுகளின் உச்ச வேகம்: 1468 மெகாஹெர்ட்ஸ், 1379 மெகாஹெர்ட்ஸ்
நினைவக வகை: ஜி.டி.டி.ஆர். 5, டி.டி.ஆர். 4
நினைவகப் பாதையின் அகலம்: 64 பிட், 64 பிட்
ஒவ்வொரு பிட் பாதையிலும் விநாடிக்கு: 6 கிகாபிட், 2.1 கிகாபிட்
மின்திறன்: 30 வாட், 20 வாட்

கணக்கிடும் அலகுகளின் வேகத்தில் உள்ள வேறுபாடு சுமார் 6 சதவீதம்தான். அது பெரிய விஷயம் அல்ல. கடைசிக்கு முந்தின வரியைக் கவனியுங்கள். பாதையின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கி, 8 பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுத்தால், நினைவகத்திலிருந்து ஒரு விநாடியில் எவ்வளவு தகவல் வந்து சேரும் என்பது தெரிந்துவிடும். முதல் கார்டுக்கு 64 × 6 ÷ 8 = 48 கிகாபைட். இரண்டாவதற்கு 64 × 2.1 ÷ 8 = 16.8 கிகாபைட். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! இதைத்தான் பாண்ட்விட்த் என்கிறார்கள். நாம் 'கடத்தும் திறன்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து மாணவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் பிடிக்காது. அது ஏரிகளின் மாவட்டம் அல்லவா? கார்டின் நினைவகம் ஏரி என்றால், 384 கணக்கிடும் அலகுகளும் அந்த ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் 384 வயல்கள். மதகு வழியாக விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறதோ அதுதான் கடத்தும் திறன். ஏரியின் கொள்ளளவு ஒன்றே, வயல்களின் எண்ணிக்கையும் ஒன்றே. ஆனால் மதகில் வரும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டால் என்ன ஆகும்? ஏரி நிறைந்திருந்தாலும் கடைமடை வயல் காயும். கார்டிலும் அப்படித்தான். கணக்குப் போடத் தயாராக இருக்கும் அலகுகள், தகவல் வந்து சேராமல் காத்துக்கிடக்கும்.

இரண்டு கார்டுகளையும் ஒப்பிட்டுச் சோதித்தவர்கள், பல விளையாட்டுகளில் இரண்டாவது கார்டு முதல் கார்டின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியையே எட்டியது என்று கண்டார்கள். மூன்றில் ஒரு பங்காகக் குறையாமல் பாதியில் நின்றது ஏன்? எல்லா வேலையும் நினைவகத்தை நம்பி நடப்பதில்லை. கணக்கிடும் அலகுகளை மட்டும் நம்பிய வேலைகளும் உண்டு. அவற்றில் இரண்டும் ஏறக்குறையச் சமம்.

இரண்டாவது கார்டுக்கு நாம் அநியாயம் செய்துவிடக் கூடாது. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம், விநாடிக்கு 60 முறை திரைக்கு அனுப்பினாலும் தேவைப்படுவது அரை கிகாபைட்தான். எனவே கட்டுரை தட்டச்சுச் செய்யவும் திரைப்படம் பார்க்கவும் 16.8 கிகாபைட் தாராளம். மின்சாரமும் குறைவாகச் செலவாகும். முப்பரிமாண விளையாட்டில்தான் சிக்கல் வருகிறது. அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம், தூரம், மேற்பரப்பின் படம் என்று பல தகவல்களை நினைவகத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கவும் எழுதவும் வேண்டியிருக்கிறது.

"டி.டி.ஆர். 4 என்று எழுதித்தானே விற்கிறார்கள்? வாங்குகிறவர் படித்துப் பார்க்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சிறு எழுத்துக்குப் பின்னால் பாதி வேகம் மறைந்திருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பயன்படுத்திய கார்டோ பெரும்பாலும் பெட்டியே இல்லாமல் கைமாறுகிறது. பெயர் மட்டும்தான் மிஞ்சுகிறது. குறைந்த திறனுள்ள பொருளைச் செய்து குறைந்த விலைக்கு விற்பது குற்றம் அல்ல. அதுவும் பலருக்குப் பயன்படும். நல்ல பெயர் எடுத்த பொருளின் பெயரையே அதற்கும் சூட்டுவதுதான் தவறு. வேறு பொருளுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். கடத்தும் திறனைப் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

மாகறலுக்கு அருகே உள்ள உத்திரமேரூரின் கல்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏரி வாரியம் போன்ற வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அதில் இடம் பெறுகிறவருக்கு என்ன வயது, எவ்வளவு நிலம், என்ன தகுதி வேண்டும், எவர் நிற்கக் கூடாது என்பதையெல்லாம் சுவரில் எல்லோரும் காணும்படி வெட்டி வைத்தார்கள். வெறும் பெயரை மட்டும் அவர்கள் நம்பவில்லை. தகுதியைக் கல்லில் எழுதினார்கள். ஒரு கார்டின் தகுதியை அட்டைப் பெட்டியில் தெளிவாக எழுதுவது அதைவிடக் கடினமா என்ன?

அந்த நாள் வரும்வரை நாம் என்ன செய்வது? கார்டை ஒரு கம்ப்யூட்டரில் பொருத்தி இயக்கிக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். ஜி.பி.யு-இசட் என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. நினைவகத்தின் வகையையும் கடத்தும் திறனையும் அது திரையில் காட்டிவிடும். நம் மாகறல் மாணவி அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, எனக்கு 48 வேண்டும், 16.8 போதாது" என்று சொல்வாளானால் அவள் சேர்த்த பணம் வீணாகாது.

உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதையின் அகலத்தை வேகத்தால் பெருக்குங்கள், 8-ஆல் வகுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் கடையில் நிற்கும்போது நமக்குத் துணை வருவது அதுதான்.