சயாம் ரயிலை விற்ற காசு

1946-இல், சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதையின் சயாம் பகுதியை விலை பேசி விற்றார்கள். விற்றது பிரிட்டிஷ் அரசாங்கம், வாங்கியது சயாம், இன்றைய தாய்லாந்து. விலை 12,50,000 பவுன். அந்தக் காசு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட்டார்கள். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் டச்சுக்காரர்களின் தீவுகளிலிருந்தும் ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போன தண்டவாளத்துக்கும் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் அது நஷ்ட ஈடு. இரும்புக்கு விலை போட்டார்கள். அந்தப் பாதை நெடுகப் புதைந்து கிடக்கிற மனுசனுக்கு ஒரு சல்லிக் காசு போடவில்லை.

அந்த மனுசர்களில் ஒருவர் என் தாத்தா.

பாட்டி வாய் திறக்கவில்லை. அப்பாவும் திறக்கவில்லை. தோட்டத்துச் சனம் பேசினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று அடங்கிக் கிடந்தே மூன்று தலைமுறை போய்விட்டது. என்னால் இனி அடங்கிக் கிடக்க முடியாது.

தாத்தா தெற்குக் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தக் கெடா சயாம் கையிலிருந்து வெள்ளைக்காரன் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்கள். பின்னால் நானே தேடிப் படித்தேன். படித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சயாம் ராஜாவின் ரயில்வே இலாகாவை அப்போது நடத்தியவர்கள் ஜெர்மன் எஞ்சினியர்கள். பாங்காக்கிலிருந்து வடக்கே பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஜெர்மன்காரன் தெற்கே இறங்கி மலாயாவின் கழுத்துவரை வந்துவிட்டால் என்ன ஆவது என்று பிரிட்டிஷ்காரனுக்குத் தூக்கம் வரவில்லை. 1897-லேயே சயாமோடு ரகசியமாக ஓர் ஒப்பந்தம் செய்து, தன்னைக் கேட்காமல் தீபகற்பத்தில் வேறு எந்த நாட்டுக்கும் சலுகை கொடுக்கக் கூடாது என்று கட்டிப்போட்டிருந்தான். அது போதவில்லை. 1909 மார்ச்சில் பாங்காக்கில் உட்கார்ந்து இன்னொரு பேரம். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் சயாம் விட்டுக் கொடுத்தது. தெற்கே மலாயா எல்லைவரை ரயில் போட 40 லட்சம் பவுன் கடன், 4 சதவீத வட்டிக்கு, சயாமுக்குக் கிடைத்தது. அந்தப் பாதையைக் கட்டும் பொறுப்பு ஜெர்மன்காரனிடம் போகாமல் பிரிட்டிஷ் எஞ்சினியரிடம் வந்தது. எல்லாருக்கும் திருப்தி.

அந்த 40 லட்சம் லண்டன்காரன் பையிலிருந்தா வந்தது? மலாய்க் கூட்டு மாநிலங்களின் கஜானாவிலிருந்து வந்தது. ஈயச் சுரங்கத்தில் இடுப்பளவு சேற்றில் நின்ற சீனன், காட்டை அழித்து ரோடும் ரயிலும் போட்ட எங்கள் ஆட்கள், இவர்கள் உழைப்பில் நிரம்பிய கஜானா அது. எங்கள் முன்னோர் வேர்வையை எடுத்து வட்டிக்கு விட்டு, ஜெர்மன்காரனுக்கு முன்னால் தன் பாதையைப் போட்டுக்கொண்டான் வெள்ளைக்காரன். கெடாவில் இருந்த ஒரு மலாய்க் குடியானவனையாவது, ஒரு கூலியையாவது கூப்பிட்டுக் கேட்டார்களா? கேட்கவில்லை. எங்களை யார் எப்போது கேட்டார்கள்?

1918-இல் பாடாங் பெசாரில் இரண்டு பக்கத்துப் பாதையும் ஒன்று சேர்ந்தது. இருபத்தைந்து வருசம் கழித்து, அதே பாதையில்தான், இரும்புச் சரக்குப் பெட்டியில் அடைத்து, என் தாத்தாவைக் கொண்டுபோனார்கள்.

ஜப்பான்காரனுக்கு பர்மாவில் இருந்த பட்டாளத்துக்குச் சாமான் அனுப்ப வழி வேண்டும். கடல் வழியே போன கப்பல்களை நேச நாட்டு நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. சயாமிலிருந்து பர்மாவுக்கு மலையை வெட்டி 415 கிலோமீட்டர் பாதை. வெள்ளைக்காரனே 1885 வாக்கில் அளந்து பார்த்துவிட்டு, ஆகாத வேலை என்று விட்டுவிட்ட மலை அது. அதை ஒரு வருசத்துச் சொச்சத்தில் முடிக்க வேண்டும் என்று தோக்கியோவில் உத்தரவு போட்டார்கள். தண்டவாளத்துக்கு எங்கே போவது? மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்தார்கள். தமிழன் தோளில் சுமந்து போட்ட தண்டவாளம் அது. ஆளுக்கு எங்கே போவது? தோட்டங்கள் இருந்தன.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். முதலில் சிலர் நம்பிப் போனார்கள். போனவன் திரும்பவில்லை என்றதும் யாரும் போகவில்லை. அதன் பிறகு பிடித்தார்கள். படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பிடித்தார்கள். ரோட்டில் போனவனைப் பிடித்தார்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்டபோது பெயர்களை எழுதிக் கொடுத்தது யார்? தொரைமார்கள் ஓடிவிட்டார்கள் அல்லது சிறையில் இருந்தார்கள். எழுதிக் கொடுத்தது ஆபீசில் இருந்த நம்மவர்கள்தான். காலையில் பெரட்டுக்கு நின்ற வரிசையிலிருந்தே தாத்தாவை இழுத்து லாரியில் ஏற்றினார்கள். பால் வெட்டும் கத்தி இடுப்பில் இருந்ததாம். அதைப் பிடுங்கி எறிந்தார்களாம். பாட்டி ஓடி வந்து அந்தக் கத்தியைத்தான் எடுத்தாள். அப்பா அப்போது வயிற்றில்.

பாதையில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஆள் சொன்னது. அதே தோட்டத்துக்காரர், சண்டை முடிந்து 1946-இல் திரும்பி வந்தவர். முழங்காலுக்குக் கீழே புண் அரித்து, எலும்போடு தோல் ஒட்டிப்போன ஒரு காலோடு வந்து பாட்டி முன்னால் உட்கார்ந்தார்.

“நிக்கே வரைக்கும் ஒன்னாத்தான் நடந்தோம் தங்கச்சி. மழ விடவே இல்ல. அப்புறம் பேதி வந்துச்சு. அவன எடுத்துட்டுப் போயி வேற கொட்டாயில போட்டானுங்க. கிட்டப் போவ விடல. மறுநாளு எங்கள நடக்கச் சொல்லிட்டானுங்க.”

“செத்ததப் பாத்தீங்களாண்ணே?”

“பாக்கல தங்கச்சி.”

பாக்கல. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. அவள் செத்த அன்றைக்கு லயத்துக் கிழவிகளுக்குள் பெரிய வாக்குவாதம். சுமங்கலியாக அனுப்புவதா, தாலியை அறுத்துவிட்டு அனுப்புவதா? ஒருத்தி, “புருசன் செத்து எத்தினி வருசம் ஆச்சு” என்றாள். இன்னொருத்தி, “நீ பாத்தியாடி?” என்று கேட்டாள். பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சு. அப்பா சுவரோரமாக நின்று அழுதார். கடைசியில் பொட்டு வைத்தே தூக்கினோம். பேரரசுகள் மேசையில் போட்ட கையெழுத்து எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்த விதம் இது.

1943 மே, ஜூனில் அந்தக் காட்டில் காலரா. பாதை வேலைக்குக் கொண்டுபோன வெள்ளைக்காரப் போர்க்கைதிகளோடு அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள். மருந்தில்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று சொல்ல, கட்டுப்பாட்டோடு நிறுத்த ஆள் இருந்தது. எங்கள் கொட்டகைகளில் யார் இருந்தார்கள்? எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துக்காரர்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு, குழந்தைகளும் உண்டு. உயிர் போகும் முன்பே குழியில் தள்ளினார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கைதிகள் 60,000 பேருக்கு மேல், செத்தவர்கள் 12,000-க்கு மேல். அதை ஒவ்வொரு பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆசியத் தொழிலாளிகள் இரண்டு லட்சம் பேர் அளவில், செத்தவர்கள் 90,000 இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாமாம்! மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர், பெரும்பாலும் தமிழர்கள். அதில் பாதிக்கு மேல் திரும்பவில்லை.

1943 அக்டோபர் 17-இல் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் கொங்கொய்த்தாவில் சேர்ந்தது. அதே அக்டோபரில் ஜப்பான் கெடாவையும் மற்ற மூன்று மாநிலங்களையும் தாய்லாந்துக்குத் தூக்கிக் கொடுத்தது, தோழமைக்குப் பரிசாக. 1909-இல் ரயிலுக்காகக் கைமாறிய மண், ரயில் முடிந்த மாதத்தில் மறுபடி கைமாறியது. அந்த மண்ணிலிருந்து பிடித்துக்கொண்டு போனவன் கணக்கு மட்டும் எந்தக் கைக்கும் வரவில்லை.

அந்தப் பாதையில் தாய்லாந்துப் பக்கம் இருக்கிற காஞ்சனபுரிக்கு நான் போயிருக்கிறேன். போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேருக்குத் தனித்தனிக் கல். பெயர், வயது, படைப்பிரிவு, வீட்டார் சொன்ன ஒரு வாசகம். புல் வெட்டி, பூச்செடி வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன்களில் பலருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான். அவர்களுக்குக் கிடைத்த மரியாதையில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை, நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் என் தாத்தா எங்கே? அந்த ஊரில் தமிழ் எழுத்தை ஒரு பழைய நினைவுத் தூணில் பார்த்தேன். 1944-இல் அதை எழுப்பியது ஜப்பான் ராணுவம். கொன்றவனுக்கே செத்தவன் பாஷை ஞாபகம் இருந்திருக்கிறது. எங்களை ஆண்ட பிரிட்டனுக்கு எப்படி மறந்தது?

மறந்ததா, மறக்க வசதியாக இருந்ததா? 1951-இல் சான் பிரான்சிஸ்கோவில் சமாதான ஒப்பந்தம். மலாயா அப்போது காலனி. எங்களுக்காகவும் சேர்த்துப் பிரிட்டன் கையெழுத்துப் போட்டது. போர்க்கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் மூலமாகப் பணம் கொடுக்க அதில் ஒரு விதி இருந்தது. தோட்டத்துக் கூலிக்கு எந்த விதியும் இல்லை. 2000-இல், உயிரோடிருந்த முன்னாள் கைதிகளுக்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் ஆளுக்கு 10,000 பவுன் கொடுப்பதாக அறிவித்தது. நல்லது. அதே பாதையில் அதே மூங்கில் கழியால் அடி வாங்கி, கெடாவிலும் பேராக்கிலும் உயிரோடிருந்த கிழவர்கள் அந்த அரசாங்கத்தின் கண்ணில் படவே இல்லையா?

நம் அரசாங்கமும் லேசுப்பட்டதில்லை. 1967-இல் ஜப்பானோடு ஒப்பந்தம். இரண்டரைக் கோடி வெள்ளிக்கு இரண்டு கப்பல் வாங்கிக்கொண்டு, போர்க்காலத்து விவகாரமெல்லாம் தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். யார் விவகாரம் தீர்ந்தது? சயாமுக்குப் போன ஒருவன் குடும்பத்தையாவது கூப்பிட்டு, உனக்குத் தீர்ந்ததா என்று கேட்டீர்களா? விதவைகள் காண்டா வாளியில் பால் சுமந்துகொண்டிருந்தார்கள், அன்றைக்கும். கப்பலால் அவர்களுக்கு என்ன ஆயிற்று?

உலகம் முழுக்க அந்தப் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி 1957-இல் வந்த படத்தைப் பார்த்திருக்கிறது. அந்தக் கதையை எழுதிய பியர் பூல் போருக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழனை நாள்தோறும் பார்த்தவர். கதை ஒரு வெள்ளைக்காரக் கர்னலின் மானத்தைப் பற்றிய கதையாகப் போய்விட்டது. இன்றைக்கும் சுற்றுலாக்காரர்கள் அந்தப் பாலத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாம்தோக் என்கிற ஊர்வரை அதே பாதையில் ரயில் ஓடுகிறது, டிக்கெட் விற்கிறார்கள்.

நான் பிச்சை கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொன்னீர்களே, அந்தக் கூலியே பாக்கி இருக்கிறது. அதைவிடப் பெரிய பாக்கி பெயர். அன்றைய தோட்டக் கம்பெனிகள் பெயர் மாறி, கை மாறி இன்றும் பங்குச் சந்தையில் இருக்கின்றன. ஆள் வரவு எழுதும் அவற்றின் செக்ரோல் புத்தகங்களில் 1942, 43-இல் எந்த வரியில் எவன் பெயர் நின்றுபோனது என்பது இருக்கும். லண்டனில் காகிதம் இருக்கிறது, தோக்கியோவில் காகிதம் இருக்கிறது, பாங்காக்கில் காகிதம் இருக்கிறது. 1909-இல் கடன் பத்திரத்தை வரி விடாமல் பாதுகாக்கத் தெரிந்தவர்களுக்கு, ஆள் பட்டியலைத் தேடிப் பார்க்கத் தெரியாதா? தேடுங்கள். பிள்ளைகள் சாகும் முன் தேடுங்கள்.

எண்பதைத் தாண்டிய என் அப்பா, முகமே பார்க்காத தகப்பனுக்கு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார். திதி கொடுக்க அவருக்கு ஒரு தேதி வேண்டும், ஓர் இடம் வேண்டும். லண்டனே, தோக்கியோவே, கோலாலம்பூரே, உங்களில் யார் தரப்போகிறீர்கள்?