எண் அதுவே, திசை வேறு



இம்மாதப் பொருளுக்கு வருமுன், சென்ற கோடை விடுமுறையில் நான் பணிபுரியும் நிலையத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நம்மவர் ஒருவரும் அவர் மனைவியாரும் மகளின் பிரசவத்திற்காக ஊருக்குப் புறப்பட்டனர். தமிழ் பேசுபவன் என்பதால் பெரியவர் என்னிடம் வந்து, "தம்பி, எஸ் 5 பெட்டி எங்கே நிற்கும்?" என்று கேட்டார். ஆறு ஆண்டுகளாக அவ்வண்டியைப் பார்த்து வருபவன் நான். பலகையைக்கூட நோக்காமல், "தேநீர்க் கடைக்கு நேரே நில்லுங்கள், ஐயா" என்றேன். அன்று பெட்டிகளின் வரிசை தலைகீழாக இருந்தது. எஸ் 5 நடைமேடையின் மறுகோடியில் போய் நின்றது. வண்டி நிற்பதோ இரண்டே நிமிடம். பெரியவர் ஓடி ஏறிவிட்டார். அம்மையார் பையுடன் நடைமேடையிலேயே நின்றுவிட்டார். இரவு வேறொரு வண்டியில் ஏற்றிவிடும் வரையில் அவர் அருகிலேயே அமர்ந்திருந்தேன். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

என் ஆறாண்டு அனுபவம் பொய்யன்று. பெட்டியின் எண்ணும் மாறவில்லை. அந்த எண் குறித்த இடம்தான் மாறிற்று. அச்செய்தி என்னை எட்டவில்லை. இதே இக்கட்டு இன்று கைப்பேசித் துறை வல்லுநர்களையும் சிந்திக்க வைத்துள்ளது.

நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022 அக்டோபர் 1-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் என்னும் உயர் வரிசையும் இடம்பெற்றது. இவ்வரிசையில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டரே. இத்தகைய அலைகள் சுவரைக் கடக்கத் திணறும். மனிதர் குறுக்கே நின்றாலும் வலிமை குன்றும். ஆதலால் கோபுரம் எல்லாத் திசையிலும் ஒருசேரப் பரப்பாமல், டார்ச் விளக்கின் ஒளியைப்போல் குறுகிய கற்றைகளாக அனுப்புகிறது. உயர் வரிசைகளில் 64 கற்றைகள் வரை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கோபுரம் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வீச, கைப்பேசி ஒவ்வொன்றின் வலிமையையும் அளந்து, எந்த எண் நன்று என்று தெரிவிக்கிறது.

அனைத்தையும் ஓயாது அளந்துகொண்டிருந்தால் காலமும் மின்கலத்தின் ஆற்றலும் வீணாகும். ஆகவே, சிலவற்றை மட்டும் அளந்து, சிறந்த கற்றை எதுவென ஊகிக்க இயந்திரத்தைப் பழக்கலாமே என்ற எண்ணம் எழுந்தது. கைப்பேசித் தொடர்புக்கு உலகப் பொது விதிகளை வகுக்கும் 3ஜிபிபி என்னும் அமைப்பு 2022-இல் தொடங்கிய ஆய்வில் இதனையும் எடுத்துக்கொண்டது. முன்பு சேர்த்த அளவீடுகளைக் கொண்டு இயந்திரம் பழகுகிறது. பழகியபின், சான்றாக 16 கற்றைகளை அளந்து, 64-இல் சிறந்ததைக் கூறுகிறது.

இங்கேதான் எஸ் 5 பெட்டியின் கதை வருகிறது. கோபுரத்தார் ஒருநாள் கற்றைகளின் திசையையோ அகலத்தையோ மாற்றியமைக்கலாம். அதன்பின் 12-ஆம் எண் கற்றை கிழக்கை விட்டு வடக்கை நோக்கும். எண் மட்டும் 12-ஆகவே இருக்கும். பழைய பாடத்தை நம்பிய இயந்திரம் என்னைப்போலவே தயக்கமின்றித் தவறாகச் சொல்லும். தவறுகிறோம் என்பதும் அதற்குத் தெரியாது.

இதற்குச் சொல்லப்படும் வழி எளியது. கோபுரத்தின் அமைப்பு முழுவதையும் வெளியிட நிறுவனங்கள் விரும்புவதில்லை. அது அவர்களது தொழில் மறை. ஆகவே அமைப்புக்கு ஓர் அடையாள எண் தரப்படுகிறது. பழகியபோது இருந்த அடையாள எண்ணே இப்போதும் இருந்தால், கைப்பேசி தன் பாடத்தை நம்பலாம். அமைப்பு மாறினால் அடையாள எண்ணும் மாறவேண்டும். அம்மாற்றம் கைப்பேசிக்கு அறிவிக்கப்படவேண்டும். புதிய எண்ணுக்குரிய பாடம் கைவசம் இல்லையெனில், ஊகத்தை விட்டுப் பழையபடி எல்லாவற்றையும் அளப்பதே முறை. பழைய எண்ணின்கீழ்ச் சேர்த்த அளவீடுகளைப் புதியவற்றோடு கலத்தலும் ஆகாது. இவற்றோடு, இடையிடையே முழுதும் அளந்து, ஊகம் மெய்தானா என்று ஒப்பிட்டுக்கொள்வதும் வேண்டும். அறிவிப்பு தவறினாலும் பிழை அப்போது புலப்பட்டுவிடும்.

இரயில்வேக்காரருக்கு இது புதிதன்று. எங்கள் விதி நூல்களில் மாற்றம் வந்தால் திருத்தச் சீட்டு வரும். உரிய பக்கத்தில் அதனை ஒட்டாத நூல் எவ்வளவு பெரிதாயினும் பயனற்றது. 2010 டிசம்பர் 20 முதல் வண்டி எண்கள் நான்கு இலக்கத்திலிருந்து ஐந்து இலக்கமாயின. எண்ணே மாறியதால் மாற்றம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. எண் மாறாமல் பொருள் மட்டும் மாறுவதே பேராபத்து.

அனுபவம் பெருஞ்செல்வம், ஐயமில்லை. ஆயினும் அது எந்த நாளைய ஏற்பாட்டில் ஈட்டியது என்பதையும் உடன் குறித்து வைத்தல் வேண்டும். மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இது பொது.

அவ்வம்மையார் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு நலமே திரும்பினார். அடுத்த பயணத்தின்போதும் என்னிடமே வந்து, "எங்கே நிற்கட்டும், தம்பி?" என்று கேட்டார். "சற்றுப் பொறுங்கள், அம்மா" என்று சொல்லிப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன்.